அத்தியாயம் 17: எழுப்பியும் எழுந்திருக்காவிட்டால்

ஆறு வருடமாக வாசல் மிதிக்காத மகள் வருகிறாள் என்றால் ஒரு வீடு என்ன பாடு படும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அதிலும் இது சலவைக் கடைக்காரர் வீடு. காலை ஏழு மணிக்குள் மாடியிலிருந்த திரைச்சீலைகள் எல்லாம் இறங்கி, துவைத்து, தேய்த்து, மறுபடியும் ஏறிவிட்டன. மேசை விரிப்பு, தலையணை உறை, கைத்துண்டு எதுவும் தப்பவில்லை. சும்மா நின்றால் நம்மையும் மெஷினில் போட்டுவிடுவார்கள் போலிருந்தது.

போன வாரம் எங்கே விட்டோம்? துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போகிறேன் என்று கிளம்பிப் போன மூத்த மகளிடமிருந்து தம்பியின் போனுக்கு ஒரு செய்தி வந்ததே, அங்கே. "வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வரேன். அப்பாகிட்ட சொல்லு." தம்பி சொன்னான். அப்பா எழுந்து போய்த் தன் நீலச் சட்டையை எடுத்துத் தானே தேய்க்க ஆரம்பித்தார். மூன்று மாதத்துக்கு முன் துணி மூட்டையோடு மாடிப்படியில் உருண்டு முதுகெலும்பில் இரண்டு எலும்பை நொறுக்கிக்கொண்டவர் அவர். விழுந்த நாளிலிருந்து இஸ்திரிப் பெட்டியைத் தொடாதவர்.

தெருவில் அவருக்கு மடிப்பு என்று பேர். அவர் தேய்த்த சட்டைக்கையில் இருக்கும் மடிப்பு மூன்று நாளானாலும் கலையாது. மனதில் விழுந்த மடிப்பும் அப்படித்தான். ஆறு வருடம் கலையவில்லை.

"மாமா, திரும்புங்க. பட்டை மாத்தணும்."

மருமகள் கையில் டப்பாவோடு நின்றாள். இவளுக்கு மாமனார் வைத்த பேர் லேபிள். மூன்று தெரு தள்ளி ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநர். எந்தப் பொருளை எடுத்தாலும் ஒட்டியிருப்பதைப் படிக்காமல் கீழே வைக்க மாட்டாள். கல்யாணமாகி வந்த முதல் வாரமே உப்பு டப்பாவுக்கு உப்பு என்றும் சர்க்கரை டப்பாவுக்குச் சர்க்கரை என்றும் எழுதி ஒட்டினவள். "முப்பது வருஷமா எங்களுக்குத் தெரியாதா?" என்று அத்தை முணுமுணுத்தது அன்றைக்கு.

மடிப்பு சட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தார். மூன்று மாதமாக மார்ஃபின் என்ற வலி மாத்திரையில் ஓட்டியவருக்கு, போன சனிக்கிழமை டாக்டர் பட்டைக்கு மாற்றியிருந்தார். மார்ஃபினுக்கு அண்ணன் மாதிரியான மருந்து. தோலில் ஒட்டினால் மூன்று நாளைக்கு மெதுவாக உள்ளே இறங்கும். டப்பாவுக்கு ஐந்து. சனிக்கிழமை ஒன்று, செவ்வாய்க்கிழமை ஒன்று, இன்றைக்கு மூன்றாவது.

லேபிள் பழைய பட்டையை உரித்தாள். பசைப் பக்கம் உள்ளே போகும்படி இரண்டாக மடித்து, தன் பைக்குள் இருந்த உறையில் போட்டுக்கொண்டாள். கழித்த பட்டையிலும் மருந்து மிச்சம் இருக்கும் என்பதால் அதைக் கடைக்கு எடுத்துப் போய் முறையாக அழிப்பாள். புதியதை இன்னொரு தோள்பட்டையில் ஒட்டி, அரை நிமிடம் உள்ளங்கையால் அழுத்தினாள். பிறகு பேனாவை எடுத்து அதன் மேல் எழுதினாள்: வெள்ளி, காலை எட்டு.

"முதுகுல என்னம்மா கையெழுத்து?"

"ஒட்டின நேரம் மாமா. நேரம் எழுதாத பட்டை எந்த உடம்புலயும் இருக்கக் கூடாது."

"ஒண்ணும் தெரியலையே. பட்டைன்னா ஒரு பவர் வேணாமா?"

"ஒட்டின உடனே தெரியாது. அவசரப்படாதீங்க."

மடிப்பு இந்தப் பக்கம் திரும்பினார். கேலி முகத்திலிருந்து போயிருந்தது.

"நாலு மணிக்கு நான் எழுந்து நிக்கணும் லேபிள். அவ போனப்ப நான் அந்த நாற்காலியில உட்கார்ந்துகிட்டுத்தான் பேசினேன். இந்த வாசலைத் தாண்டினா திரும்பி வராதேன்னு. எழுந்துகூட வழியனுப்பல. இன்னிக்கு அவ உள்ள வரும்போது நான் உட்கார்ந்திருந்தேன்னா அதே ஆளுதான்னு நெனச்சுப்பா."

லேபிள் டப்பாவை மூடி வைத்தாள். அந்த நாத்தனாரை அவள் போட்டோவில்கூட ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள்.

"நிப்பீங்க மாமா. ஆளுக்கொரு பக்கமா பிடிச்சுக்கிறோம். ஆனா இன்னொரு பட்டை ஒட்டுறது, பழைய மாத்திரையைத் தேடிப் போடுறது, தூக்கம் வர்ற மருந்து எதையாவது குடிக்கிறது, ஒண்ணும் கூடாது. அத்தை, உங்களுக்கும்தான் சொல்றேன். பட்டை மேல சூடு படக் கூடாது."

"சரிம்மா, சரிம்மா" என்றாள் அத்தை திரைச்சீலையைக் கொக்கியில் மாட்டியபடி. அந்த "சரிம்மா"வில் காது மட்டும்தான் இருந்தது.

கிளம்பும்போது லேபிள் வழக்கம்போல ஃபிரிட்ஜின் பக்கவாட்டைப் பார்த்துக்கொண்டாள். அங்கே ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே மூக்கில் அடிக்கிற சின்ன வெள்ளை ஸ்பிரே இரண்டு. உறை மேல் கொட்டை எழுத்தில்: மாமாவை எழுப்பியும் எழுந்திருக்காவிட்டால்.

"ஆள் இருக்கும்போதே இரங்கல் செய்தி எழுதி ஒட்டியிருக்கா பாரு" என்று மடிப்பு அதைக் காட்டி வருகிறவர்களிடமெல்லாம் சிரிப்பார்.

அவள் தலை மறைந்ததோ இல்லையோ, வீட்டில் ஆளாளுக்கு வைத்தியர் ஆனார்கள்.

முதல் வைத்தியர் அத்தை. முப்பது வருடமாக இந்த வீட்டில் எந்த வலிக்கும் ஒரே மருந்துதான். தடித்த துண்டை நனைத்துப் பிழிந்து, நீராவி பிரஸ்ஸில் ஒரு அழுத்து அழுத்தி, ஆவி பறக்க முதுகில் போட வேண்டும். கழுத்துப் பிடிப்பு, இடுப்புப் பிடிப்பு, பிள்ளைகளின் கால் சுளுக்கு எல்லாம் அதற்குக் கட்டுப்பட்டிருக்கின்றன. புருஷன் நாலு மணிக்கு நிற்க ஆசைப்படுகிறார். கடையில் பிரஸ் சூடாக இருக்கிறது. கை சும்மா இருக்குமா?

மருமகள் சொன்னதை அவள் மறக்கவில்லை. தன் வழியில் புரிந்துகொண்டாள், அதுதான் வினை. அவள் வாழ்நாளில் படித்த லேபிள் எல்லாம் சட்டைக் காலரில் தைத்திருப்பவை. சூடு ஆகாது என்றால் துணி சுருங்கும், சாயம் போகும், பசை விடும். ஆகவே பட்டை உரியாமல் ஓரத்தை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மேலே துண்டைப் போட்டாள். ஆறினால் அடுத்தது. அதுவும் ஆறினால் அதற்கடுத்தது. மிச்சமான ஒன்றைத் தன் முழங்காலிலும் சுற்றிக்கொண்டாள்.

இரண்டாவது வைத்தியன் மகன். கடை வேன் ஓட்டுகிறவன். அப்பா இரண்டு தடவை இருமினார். இருமும்போது முதுகில் சுளீர் என்றது. அக்கா வரும்போது அப்பா இருமி வலியில் துடித்தால் நன்றாகவா இருக்கும்? அலமாரியில் போன வருடத்துச் சிவப்பு இருமல் சிரப் இருந்தது. இரண்டு மூடி ஊற்றிக் கொடுத்துவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போனான்.

இன்னும் வைத்தியர்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றி இப்போது சொன்னால் நீங்கள் பதறுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

மதியம் இரண்டேமுக்கால். மருந்துக் கடையில் லேபிளின் கால் தரையில் பாவவில்லை. மூன்று மணிக்குக் கிளம்ப அனுமதி வாங்கியிருந்தாள். போன் அடித்தது. வேன்காரன்.

"ஏய், வரும்போது ஒரு இருமல் சிரப் வாங்கிட்டு வா. வீட்டுல இருந்தது தீர்ந்துபோச்சு."

"யாருக்கு?"

"அப்பாவுக்குத்தான். பதினொரு மணிக்குக் குடுத்தேன். இருமலே நின்னு போச்சு. சாப்பிடக்கூட எழுந்திரிக்காம நல்லாத் தூங்குறாரு பாவம்."

லேபிள் கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்தாள்.

"எந்த சிரப்?"

"அந்தச் சிவப்பு. நீ எனக்குக் குடுத்தியே, குடிச்சா அசந்து தூக்கம் வரும்னு..."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"வீட்டுலதான். அப்பா பக்கத்துலயே. ஏன் குரல் இப்படிப் போகுது?"

"போனை அவர் மூக்குகிட்ட வைங்க."

வைத்தான். ஒரு குறட்டை கேட்டது. கொரகொரவென்று, தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஒரு குறட்டை. பிறகு ஒன்றுமில்லை. லேபிள் கடையின் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று... பத்து நொடி. அப்புறம்தான் அடுத்தது.

"அப்பா என்னிக்குமே குறட்டை விட்டதில்லையே" என்றான் அவன், அப்போதுதான் உறைத்தவனாக.

"தோளை உலுக்குங்க. சத்தமா கூப்பிடுங்க."

"அப்பா! அப்பா! அப்பா..." அந்த மூன்றாவது அப்பாவில் அவன் குரல் உடைந்தது. "லேபிள், எழுந்திரிக்க மாட்டேங்கிறாரு. உதடு ஒரு மாதிரி நீலமா இருக்கு."

லேபிள் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கல்லாவில் இருந்த கூட்டாளியிடம் "என் மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள். ஓடிக்கொண்டே பேசினாள்.

"அத்தை போன்ல ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லுங்க. மூச்சு நிக்கப் போகுதுன்னு சொல்லணும், தூங்குறாருன்னு சொல்லக் கூடாது. முதுகுல பட்டை இருக்கும்."

"முதுகுல துண்டு இருக்கு. சூடா."

லேபிள் ஒரு கணம் நின்றுவிட்டாள். பிறகு இன்னும் வேகமாக ஓடினாள். சூடு பட்டால் தோல் திறந்து கொடுக்கும். மூன்று நாளைக்கு இறங்க வேண்டிய மருந்து முந்திக்கொண்டு இறங்கும். அதோடு அந்தச் சிரப்பும் சேர்ந்து மூச்சை அமுக்கும்.

"துண்டைத் தூக்கி எறிங்க! பட்டையை உரிங்க. பசை உங்க கையில படக் கூடாது, பிளாஸ்டிக் பையைக் கையில மாட்டிக்கோங்க. தண்ணியால மட்டும் துடைங்க."

"உரிச்சுட்டேன். அடுத்தது?"

"ஃபிரிட்ஜ்."

அவசரத்தில் அண்டாவிலும் கை போகாது என்பார்கள். அவன் ஃபிரிட்ஜைத் திறந்து உள்ளே தேடினான். "வெளிய, பக்கவாட்டுல!" என்று அவள் கத்தியதில் எதிரே வந்த சைக்கிள்காரர் ஒதுங்கினார். அவன் உறையைப் பிய்த்தான். மூன்று மாதமாக அந்த வீடே பார்த்துச் சிரித்த எழுத்து இப்போது அவன் கையில் இருந்தது. பின்பக்கத்தில் இன்னும் எழுதியிருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடு. மல்லாக்கப் படுக்கவை, தலையைப் பின்னால் சாய். ஒரு மூக்கில் முழுசாக நுழைத்து ஒரே அழுத்து. முன்கூட்டி அழுத்திப் பார்க்காதே, உள்ளே ஒரு தடவைக்குத்தான் மருந்து.

அழுத்தினான்.

"இப்ப ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. மூச்சைப் பாருங்க. மூணு நிமிஷத்துல எழுந்திரிக்கலன்னா உறையில இன்னொண்ணு இருக்கு, அடுத்த மூக்கு. நான் வந்துட்டேன், தெருமுனையிலதான் இருக்கேன்."

வாழ்க்கையில் மூன்று நிமிடம் இவ்வளவு நீளம் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரிந்ததில்லை. அத்தை படிக்கட்டில் உட்கார்ந்து, போனைக் காதிலிருந்து எடுக்காமல் "சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்க" என்று ஜபித்துக்கொண்டிருந்தாள். லேபிள் செருப்போடு உள்ளே ஓடி வந்து மாமனாரின் பக்கத்தில் விழுந்தாள். இமையைத் தூக்கிப் பார்த்தாள். கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது.

"மாமா. மூச்சு விடுங்க மாமா. நாலு மணி ஆகப்போகுது. அண்ணி வராங்க."

எது வேலை செய்தது, மருந்தா, அண்ணியா? மருந்துதான், எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பேச்சு முடியும்போதுதான் மடிப்பின் நெஞ்சு பெரிதாக ஒருமுறை ஏறி இறங்கியது. உதட்டில் நிறம் வந்தது. கண்ணைத் திறந்தார். சுற்றி மூன்று முகமும் அழுவதைப் பார்த்தார்.

"என்னடா, நாலு மணி ஆயிடுச்சா?" என்றார்.

மகன் அப்படியே தரையில் உட்கார்ந்து, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தான். லேபிளுக்கு அந்த நிமிடம் உலகத்திலேயே நல்ல சத்தம் அவர் கேட்ட அந்தக் கேள்விதான்.

சந்தோஷம் ரொம்ப நேரம் நீடிக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்து ஸ்ட்ரெச்சரை இறக்கியதும் மடிப்பு எழுந்து தன் நாற்காலியில் உட்கார்ந்து முறுக்கிக்கொண்டார். மருந்து முறிந்ததில் முதுகு வலி திரும்பி, வியர்த்துக் கொட்டியது. ஆனாலும் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"நான் வரமாட்டேன். எனக்கு ஒண்ணுமில்ல. முழிச்சுட்டேன்ல? மணி மூணு. ஒரு மணி நேரத்துல என் பொண்ணு வரா. வாசல் பூட்டிக் கிடந்தா என்ன நெனப்பா? அப்பன் இன்னும் சொன்ன சொல்லுலயே நிக்கறான்னுதானே?"

"அம்மா இருப்பாங்கப்பா, சொல்லுவாங்க" என்றான் மகன்.

"யார் சொன்னாலும் நான் சொன்னதாகுமா?"

லேபிள் அவர் முன்னால் மண்டியிட்டாள். இந்த வீட்டில் இதுவரை அவள் குரலை உயர்த்தியதில்லை. இன்றைக்கு உயர்த்தினாள்.

"மாமா, இந்த ஸ்பிரே ஒரு மணி நேரத்துக்குத்தான். அதுவும் நல்லபடியா இருந்தா. பட்டையை உரிச்சாச்சு, ஆனா மருந்து உங்க தோலுக்கு அடியில இன்னும் இருக்கு, நாளைக்கு வரைக்கும் இறங்கிக்கிட்டே இருக்கும். ஸ்பிரே தீரும், அது தீராது. அண்ணி நாலு மணிக்குக் கதவைத் தட்டும்போது நீங்க மறுபடி மூச்சில்லாம கிடப்பீங்க. அதைப் பார்க்கவா அவங்க ஆறு வருஷம் கழிச்சு வராங்க?"

மடிப்பு நாற்காலிக் கையை விடவில்லை.

"துணியில ஒரு லேபிள் இல்லன்னா மெஷின்ல போட மாட்டீங்களே மாமா. சட்டைக்கு அவ்வளவு மரியாதை. உங்களுக்குக் கிடையாதா?"

அத்தை அப்போதுதான் வாயைத் திறந்தாள். "துண்டு போட்டது நான்தான்மா. பசை விட்டுடும்னுதான் நீ சொல்றேன்னு நெனச்சு, ஓரத்தை அழுத்திப் பிடிச்சுக்கிட்டேன். பட்டை கெடும்னு நெனச்சேன். ஆள் கெடுவாருன்னு தோணலையே." தலையில் அடித்துக்கொண்டாள். அவளைத் திட்ட யாருக்கும் மனம் வரவில்லை.

மடிப்பு மனைவியைப் பார்த்தார். நாற்காலிக் கையை விட்டார்.

ஸ்ட்ரெச்சர் வாசலைத் தாண்டும் நேரத்தில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. மணி மூன்று பத்து. காத்திருந்தவர்களுக்குத்தான் நாலு மணி. அவளுக்கு ரயில் கிடைத்த நேரம். கதவைத் திறந்துகொண்டு இறங்கியவள் உயரமாக, வெயிலில் கறுத்த முகமும் காய்த்துப்போன கைகளுமாக இருந்தாள். ஆம்புலன்ஸைப் பார்த்தாள். ஸ்ட்ரெச்சரைப் பார்த்தாள். பையை அப்படியே ரோட்டில் போட்டாள்.

ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று மடிப்பு ஒரு வாக்கியம் ஒத்திகை பார்த்திருந்தார். வயசானவன் அவசரத்துல சொல்லிட்டேன், மனசுல வச்சுக்காதே என்று. அது இப்போது ஒரு எழுத்துகூட நினைவுக்கு வரவில்லை.

"வாசல்ல நின்னு வான்னு கூப்பிடணும்னு இருந்தேன்" என்றார்.

"வாசல்லதானே இருக்கீங்க" என்றாள் கிரேன்காரி. "நிக்கல, படுத்திருக்கீங்க. அவ்வளவுதானே."

"வாம்மா" என்றார் அவர்.

அவள் வந்தாள். வீட்டுக்குள் போகவில்லை, நேரே வண்டிக்குள் ஏறினாள். தம்பி வேனில் அம்மாவை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தான். மருந்து டப்பாவை மறக்காமல் எடுத்து வரும்படி லேபிள் அத்தையிடம் சொல்லிவிட்டுத் தானும் ஆம்புலன்ஸில் ஏறினாள்.

நாத்தனாரும் மருமகளும் முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டது நோயாளிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்துதான்.

"நீதான் லேபிளா?"

"ஆமா அண்ணி."

"தம்பி சொல்லியிருக்கான். உப்பு டப்பா கதை." அந்த நேரத்திலும் இருவருக்கும் சிரிப்பு வந்தது.

பாதி வழியில் மடிப்பின் பேச்சு குழற ஆரம்பித்தது. இமை இறங்கியது. லேபிள் கடிகாரத்தைப் பார்த்தாள். அரை மணி நேரம்கூட ஆகவில்லையே! ஒரு பட்டை, சூடு, சிரப்... கூட்டிப் பார்த்தாலும் இவ்வளவு சீக்கிரம் திரும்புவானேன்? எங்கோ கணக்கு இடித்தது.

"மாமா, வேற ஏதாவது போட்டுக்கிட்டீங்களா?"

மடிப்பு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மருமகளிடம் சொல்ல வெட்கம்.

கிரேன்காரி குனிந்து அவர் கன்னத்தைத் தட்டினாள். "அப்பா, இங்க பாருங்க. நான் எழுபது அடி மேல உட்கார்ந்திருப்பேன். கீழே மூட்டை கட்டுறவன் எடையைச் சொல்லணும். குறைச்சுச் சொன்னான்னா கிரேனே சாயும், அவன் மேலயே விழும். எனக்கு எடையைச் சொல்லுங்க."

அவர் உதடு துடித்தது. "தொடையில ஒண்ணு" என்றார். "பத்து மணிக்கு. உன் முன்னால நிக்கணும்னு..."

ஆம்புலன்ஸ் உதவியாளர் வேட்டியை விலக்குவதற்குள் லேபிள் கையுறை மாட்டிக்கொண்டாள். இடது தொடையில் புத்தம் புதிய பட்டை இருந்தது. உரித்தார்கள். நரம்பு வழியாக மறுபடியும் மாற்று மருந்து ஏறியது. இமை மேலே போனது. மகள் அவர் கையை விடவில்லை, அவரும் விடவில்லை.

ஆஸ்பத்திரியில் அரை மணி நேரத்தில் எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்தது. மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. விரலில் மாட்டிய கருவி அவர் மூச்சை எண்ணியது. நாளை மதியம் வரை கண்காணிப்பில் இருக்க வேண்டும், பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். "வீட்டுல அந்த ஸ்பிரே வச்சிருந்தது யாரு?" என்று கேட்டார். மூன்று விரல் ஒரே நேரத்தில் லேபிளைக் காட்டின.

உள்ளே கிரேன்காரி அப்பாவுக்குத் துறைமுகக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள், தூங்கவிடக் கூடாது என்று சாக்கு. அவர் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். எழுபது அடியில் காற்று எப்படி இருக்கும், சட்டை அழுக்காகாதா, யார் தேய்த்துக் கொடுப்பார்கள். ஆறு வருடத்துக் கேள்விகள், ஒன்றன் பின் ஒன்றாக. தம்பி கதவோரம் நின்று காது கொடுத்தான்.

லேபிள் வெளியே பெஞ்சில், அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அத்தை சுவரில் சாய்ந்திருந்தாள்.

"பயந்துட்டீங்களா அத்தை?"

"தலை சுத்துதும்மா. குமட்டலா இருக்கு. காலையிலேர்ந்து சாப்பிடல, அதான்." பெரிய கொட்டாவி ஒன்று விட்டாள். "இன்னிக்கு மாடியேறி மாடியேறி நாலு தடவை போயிட்டு வந்தேன். முழங்கால் வலியே தெரியல. பொண்ணு வர சந்தோஷம்..."

"டப்பாவைக் குடுங்க அத்தை. டாக்டர்கிட்ட காட்டணும்."

அத்தை மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். லேபிள் பழக்க தோஷத்தில் திறந்து எண்ணினாள். டப்பாவுக்கு ஐந்து. சனி, செவ்வாய், வெள்ளி, மூன்று. மாமாவின் தொடையில் இருந்தது நாலாவது. ஒன்று மிச்சம் இருக்க வேண்டும்.

டப்பா காலியாக இருந்தது.

கவிழ்த்துத் தட்டினாள். உறைகூட இல்லை.

"அத்தை, ஒரு பட்டை குறையுதே."

பதில் இல்லை. திரும்பினாள். அத்தையின் தலை தோளில் சரிந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மெல்லிய குறட்டை ஒன்று வந்தது.

மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டுப் பழகிய உடம்புக்கே இந்தப் பாடு. இந்த மருந்தின் வாசனையே தெரியாத உடம்புக்கு? லேபிள் துள்ளி எழுந்தாள். முழங்காலில் சுற்றிய அந்தச் சூட்டுத் துண்டை அவள் பார்க்கவில்லை, ஆனால் நாலு தடவை மாடியேறியதை இப்போதுதான் காதால் கேட்டாள்.

"டாக்டர்!" என்று கூவிக்கொண்டே அத்தையின் முழங்காலை மூடியிருந்த துணியை விலக்கினாள்.

மஞ்சள் பூத்த அந்த முழங்காலின் மேல், நான்கு ஓரமும் அழகாக அழுத்தி, சுருக்கமில்லாமல் ஒட்டியிருந்தது ஐந்தாவது பட்டை. அதன் மேல் நேரம் எழுதியிருக்கவில்லை.